நிலாவில் சமபந்தி

சமபந்தித் திட்டம் வருவதற்கு முன்னால் நிலாவில் தினமும் சண்டைதான். பூமியோடு பேசுவதற்கு முகாம் முழுமைக்கும் இருந்தது ஒரே ஒரு தொடர்பு. அதற்கு என்னவோ நீளமான பெயர் உண்டு. ஆட்கள் குழாய் என்பார்கள். தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீட்டுக்காரர் மாதிரி, அலுவலகத்துக்காரர்கள் முதலில் உறிஞ்சிக்கொள்வார்கள். அறிக்கை போகும், வரைபடம் போகும், கம்பெனி இயக்குநரின் மகள் சலங்கை கட்டி ஆடுகிற படம் வந்து இறங்கும். மிச்சம் சொட்டுவதில்தான் கம்பி கட்டுகிறவன், மண் சுடுகிறவன், பலகை அடிக்கிறவன் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளையோடு பேச வேண்டும். குரல் பாதியில் கிழியும். "அம்மாவுக்கு" என்று கேட்கும். என்னாச்சு என்று பதறினால் மறுபடியும் "அம்மாவுக்கு" என்றே கேட்கும். அதற்குள் பின்னால் நிற்கிறவன் தோளைத் தட்டுவான்.

மொக்கராசு பலகை அடிக்கிறவன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ராக்கெட் இறங்குவதற்குத் தளம் போடுகிற வேலைக்கு வந்திருந்தான். நிலா மண்ணை அச்சில் கொட்டிச் சுட்டுக் கல்லாக்குவார்கள். அந்த அச்சுக்குப் பலகை அடைப்பது அவன் பாடு. இங்கே எதுவும் ஆறில் ஒரு பங்கு கனம்தான் என்று சொல்லிக் கூட்டிவந்து, ஆறு மடங்கு தூக்கச் சொன்னார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. முதுகுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

ஒருநாள், உள்ளே நின்று ஊரோடு பேசுகிற பேச்சுப் பெட்டியின் வாசலில் தள்ளுமுள்ளாகி, ஒருவன் தலைக்கவசம் விரிசல் விட்டது. மறுநாள் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. தளம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்களுக்கு நியாயம் என்ற வார்த்தை ஞாபகம் வந்தது.

சமபந்தித் திட்டத்தைத் திறந்து வைத்த அன்று எல்லாரையும் கேண்டீனில் வரிசையாக உட்கார வைத்து, காகித இலை போட்டு, கேசரி வைத்தார்கள். திரையில் இயக்குநர் தோன்றினார்.

"இனி நிலாவில் முதல் பந்தி, கடைசிப் பந்தி என்ற பேச்சே கிடையாது. ஓர் ஆளுக்கு ஓர் இலை. ஓர் இலைக்கு ஓர் எண். எனக்கும் ஓர் இலைதான்!"

விசில் பறந்தது. மொக்கராசுகூட விரலை வாயில் வைத்து அடித்தான். தன் இலைக்கு, அதாவது தன் பங்குப் பேச்சுக்கு, பெண்டாட்டி விருமாயியின் எண்ணைக் கொடுத்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடியே நடந்தது. குரல் கிழியவே இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலக் கணீரென்று கேட்டது. கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தது. ஆட்கள் பெட்டியிலிருந்து சிரித்த முகமாக வெளியே வந்தார்கள். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வருகிற முகம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. முகாமில் அப்படியோர் அமைதி.

மொக்கராசுவுக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

விருமாயிக்கு வயிற்றில் கட்டி. சமபந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தச் சேதி வந்தது.

"டாக்டரம்மா எடுத்தாகணும்னு சொல்லுதுய்யா. விட்டா பெரிசாயிருமாம்."

"சரி, பாத்துக்க. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்யா. நீ?"

"ஆச்சு. வச்சுரவா?"

அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு. விருமாயி உண்மையாகவே சாப்பிட்டிருந்தால் "சாப்ட்டேன்" பொட்டென்று வந்து விழும். வெறும் வயிறாகக் கிடந்தால் முன்னால் ஒரு "ம்" வரும். வாய் பொய் சொல்லும். அந்த "ம்" சொல்லாது. துபாயில் இருந்தபோதும், அந்தமானில் இருந்தபோதும் மொக்கராசு அந்த "ம்"மை வைத்துத்தான் வீட்டு நிலவரம் தெரிந்துகொண்டான். நிலாவுக்கு வந்த பிறகு, சத்தம் போய் வருகிற தூரத்துக்கென்று மூச்சு விடுகிற நேரம் ஒன்று கூடிப்போனது. அவன் அதைக் கழித்துவிட்டு, மீதியில் "ம்" இருக்கிறதா என்று காதைத் தீட்டுவான்.

இப்போது "ம்"மும் இல்லை, மூச்சு விடுகிற நேரமும் இல்லை.

கேண்டீனில் சன்னாசியிடம் கேட்டான். சன்னாசி கம்பி கட்டுகிறவன், பக்கத்து ஊர்க்காரன். வாய் ஓயாத ஆள்.

"டே சன்னாசி, ஒம் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு கேட்டீன்னா, பதில் வர மூச்சு விடுற நேரம் ஆகுதா?"

"எங்கண்ணே? நாங் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிருறா. சமபந்தில்ல!"

"குழாயை அகலமாக்குனா தண்ணி நெறைய வரும். தூரம் எப்பிடிடா கொறையும்?"

சன்னாசி பிட்ட இட்லியை வாய்க்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"ஊரு கிட்ட வந்துருச்சோ?" என்றான். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, சிரிக்காமல், "அண்ணே, அப்ப நான் யாருகிட்டண்ணே தெனம் பேசிக்கிட்டு இருக்கேன்?" என்றான்.

குழாயைக் கவனித்துக்கொள்கிற அலுவலர் ரெஹானா. வாணியம்பாடிப் பெண். ஆட்களை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஒரே அலுவலர் அவள்தான். இருவரும் போய் நின்றதும் கதவைச் சாத்தினாள். கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஏம்மா, நாங்க பேசுறது வீட்டுக்குப் போகுதா இல்லையா?"

"தேவைப்பட்டா போகுதுண்ணே."

"அதென்ன தேவைப்பட்டா?"

"குழாய் அதே பழைய குழாய்தான், பெருசாகல. எல்லாருக்கும் ஒரே அளவு இலைன்னு மட்டும் சொல்லிட்டாங்க. அப்ப எப்படிப் பத்தும்? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. உங்க இலையில ஏற்கெனவே இருக்கிற சோத்தை மறுபடியும் பரிமாறக் கூடாது. நீங்க 'சாப்ட்டியா'ன்னா அவங்க 'சாப்ட்டேன்'பாங்க. இத்தனை வருசமா அதைத்தான் சொல்லியிருக்காங்க. அதைப் போய் பூமியிலேர்ந்து எதுக்குத் தூக்கிட்டு வரணும்? பதிஞ்சு வச்சிருக்கிற கையிருப்புல இருந்து அவங்க குரல்லயே இங்க சொல்லிடும்."

"அங்க?"

"அங்க அவங்களுக்கு உங்க குரல்ல நீங்க பேசிட்டிருப்பீங்க."

"நடுவுல?"

"நடுவுல குழாய் சும்மா கெடக்கும்."

சன்னாசி பொறுக்காமல் கேட்டான். "சும்மா கெடக்குற குழாயில என்னம்மா விடுறாக?"

ரெஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சமபந்தியோட விளம்பரம்."

"அந்த இயக்குநரு சும்மாவா விடுறாரு இதை?"

"அவரு வேலையை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சே! வாரா வாரம் வர்ற உரை கையிருப்புலேர்ந்து வருது. அடுத்து என்ன சொல்வாருன்னு சமபந்திக்கு முழுசாத் தெரியும். அவருக்கு இலையே தேவைப்படல."

மொக்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். "எம் பொண்டாட்டிக்கு மேலுக்குச் சொகமில்ல தாயி. எனக்கு அவள நெசமா குடு."

"உங்களுக்கு மட்டும் நெசம் குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம்ணே. அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கையிருப்புல இல்லாததைப் பேசிப் பாருங்க. எடுத்துக் குடுக்க ஒண்ணும் இல்லைன்னா கொண்டுபோய்த்தான் ஆகணும். ஆனா சும்மா இருந்துடாதீங்க. பேசாம இருந்தா உங்களுக்குப் பதிலா அது பேசிடும். வெறும் மூச்சுக்கெல்லாம் இலை கிடையாது."

அன்றைக்கே சன்னாசி பெட்டிக்குள் போய், "ஏண்டி, நம்ம வெள்ளாட்டங்குட்டி வக்கீலுக்குப் படிக்கப் போகுதாமே?" என்றான்.

சத்தமே இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, "என்னய்யா ஒளர்ற?" என்று வந்தது பாருங்கள், சன்னாசி பெட்டிக்குள்ளேயே குதித்த குதியில் தலை கூரையில் இடித்தது. நிலாவில் அப்படிக் குதிக்கக்கூடாது என்பது மறந்துவிட்டது.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அந்த வாரம் முழுக்க ஆட்கள் உளறித் தள்ளினார்கள். ஒருவன் மாமனாரை இடியாப்பத்தில் கட்டிப் போட்டதாகச் சொன்னான். இன்னொருவன் தான் ஒரு தென்னை மரத்துக்கு வாக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிப் பெண்டாட்டியிடம் நிஜமான திட்டு வாங்கினான். அந்தத் திட்டை அவன் நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஊரிலோ பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. நிலாவுக்குப் போன ஆம்பளைகளுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்துவிட்டதாம். பெண்கள் சேர்ந்து குறி சொல்கிற ஒரு கோடாங்கியிடம் போயிருக்கிறார்கள். அவர் உடுக்கையை அடித்துப் பார்த்துவிட்டு, "அமாவாசை கழிஞ்சா சரியாப்போகும்" என்றாராம்.

மொக்கராசுவுக்கு உளற வராது. பலகையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள். பெட்டிக்குள் போய் நின்று, வேர்த்து விறுவிறுத்து, "விருமாயி, எரும மாடு சென்ட்ரிங் அடிக்குது" என்றான்.

மூச்சு விடுகிற நேரம் போனது.

"ம்... யாரு பேசுறது?"

அந்த "ம்"மைக் கேட்டதும் அவன் அவசர அவசரமாகச் சொன்னான். "நாந்தான். நாந்தான் பேசுறேன். ஒனக்கு அந்தக் கட்டி என்னாச்சு?"

மறுபடியும் காத்திருந்தான்.

"அதான் சொன்னேன்லய்யா. ஆசுபத்திரில பேரச் சொல்லிக் கூப்புட்டாக. உள்ள போயி அந்தப் படுக்கையைப் பாத்ததும் ஒதறலெடுத்துப்போச்சு. ஆபரேசன் வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கே ஒங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"சரி, பாத்துக்கன்னு சொன்ன."

"அது நான் இல்ல விருமாயி. மிசினு. மிசினு பேசியிருக்கு."

இந்த முறை நேரம் அதிகமாகவே போனது.

"வித்தியாசமே தெரியலய்யா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பருப்பில் உப்பு இல்லை என்பதைப் போலச் சொன்னாள். மொக்கராசு பெட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளிடம் இதுவரை வேறு எதைச் சொல்லியிருக்கிறோம் என்று யோசித்தான். பிள்ளை தங்கவில்லை என்று அவள் சொன்னபோது சரி, பாத்துக்க. கூரை பறந்துவிட்டது என்றபோது சரி, பாத்துக்க. இப்போது பேசாமல் நின்றால் அந்த மிசின் அங்கே வாயைத் திறந்துவிடும். என்ன சொல்லும் என்பதும் அவனுக்குத் தெரியும். தொண்டையில் இருப்பது எதுவோ அதை அப்படியே வெளியே தள்ளினான்.

"எனக்கு பயமா இருக்கு விருமாயி."

நிலாவிலிருந்து பூமிக்கு அந்த வாக்கியம் முழுசாகப் போய் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டவில்லை.

"ம்... எனக்குந்தான்யா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. "சரி. போறேன். தங்கச்சியத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மறுநாள் ரெஹானாவிடம் போய் நியாயம் கேட்டான். "அழுதுக்கிட்டே சொல்லியிருக்கா. அதைக்கூட எங்கிட்டக் கொண்டுவரலையேம்மா அந்த மிசினு?"

ரெஹானா திரையில் தேடிப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

"அவங்க எது சொன்னாலும் உங்க பதில் ஒண்ணுதான்ணே. எப்படியும் அதே பதில்தான் வரப்போகுதுன்னா, சேதியைக் கொண்டுவந்து என்ன ஆகப்போகுதுன்னு விட்டிருக்கு."

மொக்கராசு எழுந்து வேலைக்குப் போனான். அன்று அடித்த பலகையில் பாதி கோணல்.

நல்ல சரக்கு எதுவும் முகாமில் ஒளிந்திருக்காது. மொக்கராசு சொன்ன வாக்கியம் வரிசையில் நின்ற காதுகளில் விழுந்து, மறுநாளே எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. ஆட்டுக்குட்டியையும் இடியாப்பத்தையும் சமபந்தி இதற்குள் படித்து முடித்து, உளறலுக்கு வந்த திட்டுகளையும் கையிருப்பில் சேர்த்துவிட்டது. ஆகவே ஆட்கள் பெட்டிக்குள் போய் "எனக்கு பயமா இருக்கு" என்றார்கள். தூங்கி வழிந்துகொண்டு சொன்னார்கள், பல் குத்திக்கொண்டு சொன்னார்கள். ஆரம்பத்தில் மூச்சு விடுகிற நேரம் கழித்து அங்கே அழுகையும் ஆறுதலும் வந்தன. அப்புறம் பதில் சட்டென்று வர ஆரம்பித்தது.

"நேத்து முகாம்ல முக்காவாசிப் பேரு பயந்திருக்காங்க" என்றாள் ரெஹானா. "இனி அதுவும் கையிருப்புதான்ணே."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். "விடியக்காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதாம்" என்று முந்தின நாள் விருமாயி சொன்னாள். அது மூச்சு விடுகிற நேரம் கழித்து, உண்மையாகவே வந்த பேச்சு.

அன்றைக்கு மொக்கராசு வேலைக்கு இறங்கவில்லை. பெட்டிக்குள் போனான்.

"விருமாயி?"

"சொல்லுய்யா, நல்லா இருக்கேன்." சட்டென்று வந்தது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்யா. நீ?"

வயிற்றைக் கீறி வைத்திருக்கிற நேரத்தில் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

"எனக்கு பயமா இருக்கு."

"பயப்படாதய்யா, ஒண்ணும் ஆகாது."

பக்கத்துப் பெட்டியில் ஒருவன் தன் பெண்டாட்டியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டிக்குள்ளிருந்தும் வேறொரு பெண்ணின் குரலில் அதே பதில், அதே இழுப்போடு, வந்து விழுந்தது.

மொக்கராசு ரெஹானாவின் அறைக்கு ஓடினான். சன்னாசியும் பின்னால் ஓடினான்.

"அங்க யாரும் போனை எடுக்கலைன்னா கையிருப்பு பேசும்ணே" என்றாள். "மணி அடிச்சிட்டே இருந்தா குழாய் வீணாப் போகும்னு அப்படி வச்சிருக்காங்க."

"உசுரோட இருக்காளா இல்லையான்னு மட்டும் அதைச் சொல்லச் சொல்லு தாயி."

ரெஹானாவின் கண் கலங்கியது. "ரெண்டுக்கும் கையிருப்புல ஒரே பதில்தான்ணே இருக்கு."

மறுபடியும் பெட்டிக்குப் போனான். ரெஹானாவும் கூடவே வந்தாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்யா. நீ?" அவனுடைய இலை தீர்ந்துவிட்டதென்று பெட்டி அறிவித்தது. வரிசையில் அடுத்து நின்ற சன்னாசி, "என் இலைய அண்ணனுக்குப் போடும்மா" என்று ரெஹானாவிடம் கத்தினான். இலையைக் கைமாற்றுவது சமபந்தியில் குற்றம். ரெஹானா பெட்டியோரத் திரையில் ஏதோ தட்டி, காரணம் என்ற இடத்தில் 'பரிசோதனை' என்று போட்டாள். "பரிசோதனைன்னா, அங்க போனை எடுத்ததும் முதல் பதில் மட்டும் நெசமா வரும்ணே" என்றாள். சன்னாசிக்குப் பின்னால் நின்றவன், "எதுக்கும் என் இலையையும் போட்டுரும்மா. எம் பொண்டாட்டி சாப்ட்டுத்தான் இருப்பா" என்றான். அப்படியே வரிசை நெடுக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குழாய்க்காகத் தலைக்கவசத்தை உடைத்துக்கொண்ட அதே ஆட்கள்தான்.

அதைக் கண்டுபிடித்த சமபந்தி கேண்டீன் திரையில் இயக்குநரை எழுப்பிவிட்டது. "ஓர் ஆளுக்கு ஓர் இலை" என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். யாரோ திரைமேல் துண்டைப் போட்டார்கள்.

மொக்கராசு கேட்டுக்கொண்டே இருந்தான். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்யா. நீ?" நாக்கு வறண்டது. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்யா. நீ?" சன்னாசி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஷிப்ட் மாறியது. புதிதாக வந்தவர்களும் தங்கள் இலையைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

"சாப்ட்டியா?"

பதில் இல்லை.

குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்தான். மூச்சு விடுகிற நேரம் போனது. அதற்கு மேலும் போனது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ம்..."

அப்புறம் ரொம்ப மெல்லிசாக, நாக்குக் குழறிக்கொண்டு,

"இல்லய்யா... சாப்பிடல. இன்னும் ஒண்ணுமே குடுக்க மாட்டேங்குறாக."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விருமாயி இல்லை என்றாள். சமபந்தியின் கையிருப்பில் எந்த மூலையில் தேடினாலும் கிடைக்காத பதில். ஒரு பொம்பளை வெறும் வயிறாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நிலாவில் அன்றைக்கு விசில் பறந்தது.

மொக்கராசு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவன் சும்மா நிற்பதைச் சமபந்தி நிரப்புவதற்குள், சன்னாசி பெட்டிக்குள் தலையை நுழைத்துக் கத்தினான்.

"மதினி! அண்ணே அழுகுது மதினி! இது கையிருப்பு இல்ல, நெசம்!"